அன்பளிப்பு என்று எழுதுங்கள்

"பார்சல் இன்னும் வரலையாம். பாருங்க இந்த அநியாயத்தை" என்று லேப்டாப்பைக் கணவர் பக்கம் திருப்பினாள் அவள். ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தவர், ஒரு காலில் மட்டும் ஷூவோடு நின்று படித்தார். படித்துவிட்டு இன்னொரு ஷூவை மாட்டக் குனிந்தார்.

பழைய ஃபிலிம் காமிராக்களை வாங்கிப் பழுது பார்த்து, ஒரு விற்பனை இணையதளம் வழியாக வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பது அவள் தொழில். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதி சாப்பாட்டுக்கு, மீதி ஸ்க்ரூ டிரைவர்களுக்கு. இதுவரை அவள் கடைக்கு ஒரு கெட்ட பெயர் வந்ததில்லை.

பார்சல் வரவில்லை என்று எழுதியிருந்த இந்த ஆள் ஆரம்பத்திலேயே கோணல். ஒரு காமிராவுக்குப் பணம் கட்டிய கையோடு ஒரு வேண்டுகோள் வைத்தான். சுங்கப் படிவத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதுங்கள், விலையைப் பத்தில் ஒரு பங்காகப் போடுங்கள், இங்கே வரி தீட்டிவிடுகிறார்கள் என்றான். தபாலும் இருப்பதிலேயே மலிவானது போதுமாம், பார்சல் எங்கே போகிறது என்று பார்க்கிற வசதியெல்லாம் வேண்டாமாம்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதம் வியாபாரம் படுத்துக்கிடந்ததால் சரி என்று எழுதிவிட்டாள். படிவத்தை நிரப்பியபோதே கை கூசியது. அன்றிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பார்சலைக் கொண்டுபோய், சுங்கப் படிவத்தில் 'மேலே கண்டவை உண்மை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புவது எப்போதும் கணவர் பொறுப்பு. அவர் ஆபீசுக்குக் கீழேயே தபால் நிலையம் இருந்தது. கடைகளின் தராசும் எடைக்கல்லும் சரிதானா என்று சோதித்துச் சான்று கொடுக்கிற உத்தியோகம் அவருக்கு. கோபம் வந்தால் அவள் அவரைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவாள்.

தபால் ரசீது எங்கே என்று இப்போது கேட்டாள். சட்டைப்பையோடு வாஷிங் மெஷினுக்குப் போயிருக்கும் என்றார். அப்படிக் கூழாகிப்போன காகிதங்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

"பாவம், பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாமே" என்றார் மெதுவாக.

"எதுக்கு? படிவத்துல பொய் எழுதச் சொன்னவன், பார்சல் வரலைன்னு ஒரு பொய் சொல்ல மாட்டானா? உங்களுக்கு ஊர்ல எல்லாரும் நல்லவங்க."

அவன் திருடன் என்று ஆகிவிட்டால் தான் செய்தது அவ்வளவு பெரிய தப்பில்லை என்று ஆகிவிடும். அவள் மனசுக்குள் ஓடிய கணக்கு அதுதான். அவன் போட்ட வேண்டுகோளைப் படம் பிடித்து, இணையதளத்துக்குப் புகாராக அனுப்பினாள். அதற்குக் கீழே 'சரி' என்று தான் எழுதியிருந்த பதிலை மட்டும் வெட்டிவிட்டாள்.

அதோடும் விடவில்லை. காமிரா விற்பவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அந்தப் படத்தைப் போட்டு, இந்த ஆளுக்கு யாரும் எதுவும் விற்காதீர்கள் என்று எழுதினாள். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். சாயங்காலத்துக்குள் இணையதளம் அவன் கணக்கை முடக்கிவிட்டது.

கணவர் வீடு திரும்பியபோது அவனிடமிருந்து நேராக அவள் மின்னஞ்சலுக்கே இன்னொரு கடிதம் வந்திருந்தது. அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். விலையைக் குறைத்து எழுதச் சொன்னது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்சல் வரவில்லை என்பது சத்தியம். கண் ஆபரேஷனுக்கு முன்னால் அந்தக் காமிராவில் ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று அப்பா தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசி வரியில் அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. உடனே சமாளித்துக்கொண்டு, "நல்லா கதை விடுறான்" என்றாள். கணவர் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். இளகின மனசு, யார் அழுதாலும் கூட அழுகிற மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ரசீது இல்லாததால், பார்சலைத் தபாலில் சேர்த்தவர் அதை உறுதி செய்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அத்தோடு தீர்ப்பு உங்கள் பக்கம் என்று இணையதளம் சொல்லியிருந்தது. அவள் அந்தக் காகிதத்தை அச்செடுத்து, ஸ்க்ரூ டிரைவர்களை ஒதுக்கிவிட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"நாள் பூரா சான்றிதழ்ல கையெழுத்துப் போடுற ஆளுதானே? இதுலயும் ஒண்ணு போடுங்க. அவன் கதை முடிஞ்சுடும்."

அவர் பேனாவைத் திறந்தார். காகிதத்தில் இருந்த நாலு வரியையும் மேலிருந்து கீழே படித்தார். பிறகு பேனாவை மூடி அதன் மேலேயே வைத்தார்.

"அன்னைக்கு அந்தப் படிவத்துலயும் என்னால கையெழுத்துப் போட முடியலம்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "போடாம எப்படிங்க பார்சல் போகும்?"

அவர் தலை நிமிரவில்லை.

"போகல. என் ஆபீஸ் பீரோவுலதான் இருக்கு."