ஏழாவது இதழ்

நவீனக் கவிதை பற்றிய எந்த ஆய்வேட்டைப் புரட்டினாலும் அடிக்குறிப்பில் தில்லைநாயகம் உட்கார்ந்திருப்பார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், தன் ஆய்வேட்டை ஒப்படைக்கும் அவசரத்தில், ஆறு இதழோடு நின்றுபோன ஒரு சிற்றிதழுக்கு ஏழாவது இதழ் ஒன்றை அவரே உண்டாக்கி, தனக்கு வேண்டிய கட்டுரை அதில் வந்ததாக எழுதிவிட்டார். அன்று யாரும் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்களும் தேடிப் பார்க்காமல் அப்படியே எடுத்து எழுதினார்கள்.

இன்று பியூலாவின் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் அவர்தான். அவளும் ஏழாவது இதழை மேற்கோள் காட்டியிருந்தாள். பார்க்கவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டால், அதையே சாக்காக வைத்து சபையில் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று வந்திருந்தார்.

"ஏம்மா, இந்த இதழைக் கண்ணால பாத்தியா?"

"பாத்தேங்க ஐயா. சேலத்துல ஒருத்தர் வீட்டுல கிடைச்சுது. நாப்பத்தொண்ணாம் பக்கம்."

அவர் எங்கேயும் பக்க எண் கொடுத்ததில்லை. பொய் என்று சொல்ல வாயெடுத்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

"ஐயாவே எழுதின இதழாச்சே, சரியாத்தான் இருக்கும்" என்று பியூலாவின் நெறியாளர் சிரித்தபடி தேர்வு அறிக்கையையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். மிக்சர் தட்டுகள் வந்துவிட்டன.

"ஜெராக்ஸ் வெச்சிருக்கேங்க ஐயா, காட்டட்டுமா?" பியூலா பைக்குள் கையை விட்டாள்.

அந்தக் கை வெளியே வருவதற்குள் அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.