பெரிய எழுத்தில் கம்பெனி பெயர்

இரண்டாயிரத்து ஒன்று, ஆடி மாதக் காலை. மன்னார்குடியில் ஜெக்கரியாவின் அச்சகம். ஓட்டுக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில், மை காயாத கல்யாணப் பத்திரிகை புரூஃபின் மேல் விழுகிறது. மாப்பிள்ளை சூர்யபிரகாஷின் பெயருக்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், அவர் வேலை பார்க்கும் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். இன்டர்நெட்டை ஊருக்கு ஊர் இணைக்கும் கருவிகள் செய்யும் கம்பெனி. போன வருஷம் நிச்சயம் பண்ணும்போது அந்தப் பெயரைக் கேட்டே சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். இப்போது பங்கு விலை தரைதட்டி, ஆட்களை வெளியே அனுப்புகிறார்கள். பெண்ணின் அப்பா பஞ்சநதம் அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்க்கிறார், விரலை எடுக்கிறார், மறுபடியும் மறைக்கிறார். அச்சு எந்திரம் காத்து நிற்கிறது. ஃபேன் மட்டும் கடகடக்கிறது. எதிர்ப்பக்க எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக்குள் கல்யாணப் பெண் அனுராதா, மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டு, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தபடி. ஒரு பஸ் குறுக்கே வந்து அவளை மறைக்கிறது. பஸ் நகர்ந்ததும் நடுத்தெருவில் அவள், துப்பட்டா நழுவுவதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டு ஓடி வருகிறாள்.

"அவருக்கு வேலை இருக்குப்பா! நேத்தோட ஆள் குறைக்கிறது முடிஞ்சுதாம்."

பஞ்சநதம் பெஞ்சில் சாய்கிறார். மை அப்பிய விரலால் நெற்றி வியர்வையை வழிக்கிறார்; புருவத்துக்கு மேல் கறுப்பாய் ஒரு கோடு.

"அப்ப கம்பெனி பேரு அப்படியே இருக்கட்டுங்களா?" என்கிறார் ஜெக்கரியா.

அனுராதா மூச்சு வாங்குகிறாள். "வேலை போயிருந்தா உங்கப்பா என்ன சொல்லியிருப்பார்னு கேட்டாருப்பா."

பஞ்சநதம் புரூஃபையே பார்க்கிறார். வெயில் இப்போது அவர் கைமேல் இருக்கிறது.

"பாய், மாப்பிள்ளை பேரைப் பெருசாக்கிடுங்க."