சூடு ஏறாத கார்

"திருச்சியில கார் ஹீட்டர் வேலை செய்யலைன்னு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா. என்ன, உள்ள வடாம் காயப் போடப் போறீங்களா?"

மெக்கானிக் பரக்கத் அலி சிரித்தார். உறையூர்ச் சந்துக்குள் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுபஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்கப்பாவுக்கு, பாய். இப்ப தில்லைநகர்ல டயாலிசிஸ் நடந்துக்கிட்டிருக்கு. முடிஞ்சு வெளிய வந்தா உடம்பு அப்படி நடுங்குது. ரெண்டு கம்பளி போத்தினாலும் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ற வரைக்கும் பல்லு தந்தியடிக்குது."

"அடடா... தெரியாம சொல்லிட்டேம்மா."

"போன தடவை, 'இனிமே என்னைக் கூப்பிடாத, வீட்டுலயே கிடந்து சாகுறேன்'னுட்டாரு. இன்னைக்குத் திரும்பும்போது வண்டி சூடா இருக்கும்னு சத்தியம் பண்ணித்தான் கூட்டிட்டு வந்தேன். ஒரு மணிக்கு அவர ஏத்தணும்."

மணி பத்தரை. அவள் அப்பா மருதை, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். வரமாட்டேன் என்றால் வரமாட்டார். டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர் அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

பரக்கத் அலி இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தார்.

"தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு உண்டும்மா. இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம அடைச்சு வச்சிருக்கும். இங்க ஸ்டார்ட் பண்ணதுமே குழாய் வெதுவெதுங்குது. வால்வு திறந்தே மாட்டிக்கிச்சு. இன்ஜினே சூடாகலைன்னா ஹீட்டர் எங்கேர்ந்து சூடாகும்?"

இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார். பிறகு வண்டியின் முன்பக்கம் போய் நின்று நம்பர் பிளேட் பக்கம் குனிந்து எதையோ பார்த்தார்.

"வால்வு மாட்டிக்கலைம்மா. வால்வே இல்ல."

"இல்லைன்னா?"

"கழட்டியிருக்கு. வண்டி கொதிச்சா நம்ம ஊர்ல முதல்ல இதத்தான் கழட்டுவாங்க. இந்த வெயிலுக்கு இது எதுக்குன்னு."

சுபஸ்ரீக்கு நினைவு வந்தது. நாலு வருஷம் முன்பு அவள் கோயம்புத்தூரில் இருந்தபோது, கொள்ளிடம் பாலத்தில் வண்டி கொதித்துவிட்டதாக அப்பா போனில் சொன்னார். யாரோ ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டானாம். கெட்டிக்காரன் என்று அப்பா வாய் ஓயாமல் புகழ்ந்தார்.

"எந்த மடையன் பாய் அவன்? வண்டியச் செஞ்சவன் முட்டாளா? தெரியாத வேலையில எதுக்குக் கை வைக்கணும்? அவன் அப்பா இப்படி நடுங்கினாத்தான் அவனுக்குத் தெரியும்!"

அவள் யாரையும் இப்படித் திட்டுகிறவள் அல்ல. ஆஸ்பத்திரி, ஊசி, அப்பாவின் பிடிவாதம் எல்லாவற்றின் மேலும் இருந்த கோபம், முகம் தெரியாத அந்த ஒருவன் தலையில் போய் விடிந்தது.

"திட்டுங்கம்மா. தப்பில்ல" என்றார் அவர், கையைத் துணியில் துடைத்தபடி.

நாலு கடைக்குப் போன் போட்டார். இந்த மாடல் கார் தயாரிப்பு நின்றே பல வருஷம் ஆகிவிட்டதாம். வால்வு சென்னையிலிருந்து வர மூன்று நாளாகும் என்றார்கள்.

"மூணு நாளா? இன்னைக்கு நடுங்கினாருன்னா அடுத்த தடவை வரவே மாட்டாரு பாய்!"

அவர் பின்பக்க ஷெட்டுக்குள் போனார். டப்பாக்களும் தகரங்களும் உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் உறை. அதில் கட்டியிருந்த சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உள்ளேயிருந்த பித்தளை வால்வை எடுத்தார்.

"பழசா பாய்? ஓடுமா?"

"பாத்துடலாம்."

எதிர் டீக்கடையிலிருந்து கொதிக்கும் தண்ணீர் வாங்கி வந்து, வால்வை நூலில் கட்டி அதில் இறக்கினார். இறுக மூடியிருந்த வாய் மெல்லத் திறந்தது. பச்சைத் தண்ணீரில் போட்டதும் மறுபடி மூடிக்கொண்டது.

"நல்ல வால்வுதான்" என்றார். அதை ஏன் துக்கச் செய்தி சொல்கிற குரலில் சொல்ல வேண்டும் என்று சுபஸ்ரீக்கு விளங்கவில்லை.

புது ரப்பர் வைத்து மாட்டினார். கூலண்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, இன்ஜினை ஓடவிட்டார். அடியிலேயே கிடந்த டெம்பரேச்சர் முள் மெதுவாக எழுந்து பாதியில் வந்து நின்றது. ஹீட்டர் வாயில் கையை வைத்த சுபஸ்ரீக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு அப்பா நடுங்கமாட்டார். அடுத்த டயாலிசிஸுக்கு, வியாழக்கிழமையும் வருவார்.

மணி பன்னிரண்டரை. அவசரமாகக் கைப்பையைத் திறந்தாள்.

"எவ்வளவு பாய்?"

"ஒண்ணும் வேணாம்மா. அப்பாவைப் போய்க் கூட்டிட்டு வாங்க."

"அதெப்படி? ஊர்ல எங்கயும் கிடைக்காத சாமான். அந்த வால்வுக்காவது வாங்கிக்குங்க."

பரக்கத் அலி அவள் முகத்தைப் பார்க்காமல் பானெட்டை இறக்கி மூடினார்.

"அது உங்க வண்டியிலேர்ந்து நான் கழட்டினதும்மா. அதுக்கு உங்ககிட்டயே எப்படிக் காசு வாங்குறது?"