தானாக ஓடும் புரோகிராம்

சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறப்பவர்கள் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறவனை முதலாளி சீனிவாசராகவன் இப்போதுதான் பார்க்கிறார்.

அவர் ஆபீஸில் புரோகிராம் எழுதும் ரகுராம் தினமும் அப்படித்தான் போனான். திரும்பி வந்து, சீட்டிலேயே ஒரு பன்னைத் தின்றுவிட்டு வேலை பார்ப்பான். இன்று காலை அவன் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து முதலாளி அந்த டப்பாவைத் திறந்தார். உள்ளே தயிர் சாதம் இல்லை. ஒரு சி.டி. இருந்தது.

டப்பாவை இருந்தபடியே மூடி வைத்தார்.

பெங்களூர் ஓசூர் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே அவருடைய கம்பெனி. ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஈமெயிலில் படிவம் அனுப்பும். அவர்கள் அதைக் கம்ப்யூட்டரிலேயே நிரப்பி இவருக்கு அனுப்புவார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து டேட்டாபேஸில் ஏற்ற ஜானகி, மரகதம், பிரிஜெட் என்று மூன்று பெண்கள் இருந்தார்கள்.

போன தீபாவளிக்கு ரகுராம் ஒரு புரோகிராம் எழுதினான். மெயில் வந்தால் போதும், படிவத்தில் இருப்பதெல்லாம் தானாகவே டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துவிடும் என்றான். சீனிவாசராகவன் அவனுக்கு இன்கிரிமென்ட் கொடுத்தார். மூன்று பெண்களுக்கும் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். தனக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார்.

புரோகிராம் இதுவரை ஒரு தப்புக்கூடச் செய்ததில்லை. தங்கள் எல்லாக் கிளைகளுக்கும் அதை வாங்குவதாக, நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் சென்னையிலிருந்து வந்து கையெழுத்துப் போடப்போகிறார்கள். இந்த நேரத்தில் வாடிக்கையாளர்களின் விலாசமும் வியாதியும் டிபன் டப்பாவில் விலைபோவது தெரிந்தால்? கையெழுத்தும் போகும், கம்பெனியும் போகும்.

வாக்கிங் சிநேகிதர் சுந்தரேசனைக் கூப்பிட்டார். ரிடையரான போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"பையனை இப்போ ஒண்ணும் கேக்காதீங்க சார். வாங்கற பார்ட்டியோட சேத்துப் புடிப்போம்."

மத்தியானம் ரகுராமின் ஸ்கூட்டர் கிளம்பியது. இருவரும் ஆட்டோவில் பின்தொடர்ந்தார்கள். பொம்மனஹள்ளியில் ஒரு சந்துக்குள், மாடியில் 'டு லெட்' பலகை தொங்கிய வீட்டின் முன்னால் வண்டி நின்றது. டப்பாவோடு அவன் கீழ் போர்ஷனுக்குள் நுழைந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா சந்திரம்மாவிடம் சுந்தரேசன் கன்னடத்தில் விசாரித்தார். அந்தம்மா தமிழிலேயே பதில் சொன்னாள்.

"கம்ப்யூட்டர் எல்லாம் வெச்சிருக்காங்க சார். காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் டக்டக்குனு சத்தம். கதவு மட்டும் தெறக்கமாட்டாங்க. என்ன வேலைம்மானு கேட்டா, சிரிப்பாங்க."

"கேங்கே இருக்கு சார்!" சுந்தரேசனுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. கதவைப் படபடவென்று தட்டினார்.

கதவு திறந்தது. உள்ளே மூன்று கம்ப்யூட்டர்கள். ஜன்னலோரம் மூன்று ஹாட்பாக்ஸ்கள். கம்ப்யூட்டர்களின் முன்னால் ஜானகி, மரகதம், பிரிஜெட்.

"வேலையை விட்டு அனுப்பின கோபமா? அதுக்காகத் திருடறதா?" சீனிவாசராகவன் கத்தினார்.

"திருட்டு இல்ல சார்." ரகுராம் அழுதுவிடுவான் போலிருந்தது. "இதுதான் சார் புரோகிராம்."

"என்னது?"

"முதல் நாளே படுத்துடுச்சு சார். முதல் பேரு ஒரு கட்டம், கடைசிப் பேரு ஒரு கட்டம்னு வெச்சேன். நம்ம ஆளுங்களுக்குக் கடைசிப் பேரு ஏது? ஒருத்தர் இனிஷியல் போடறார், ஒருத்தர் அப்பா பேரு போடறார், ஒருத்தர் ஊர் பேரு. பின்கோடு கட்டத்துல 'மாரியம்மன் கோயில் எதிர்ல'னு எழுதறாங்க. பாதிப் படிவத்தைப் புரோகிராம் துப்பிடுச்சு. அதுக்குள்ள நீங்க இவங்களை அனுப்பிட்டீங்க. சொல்ல பயமா இருந்துச்சு. தினம் சி.டி.யில கொண்டுவந்து இவங்களை வெச்சு டைப் அடிச்சு, திரும்பக் கொண்டுபோய் ஏத்தறேன். நீங்க குடுத்த இன்கிரிமென்ட்லதான் சார் இவங்க சம்பளம்."

"ஆபீஸுக்கு இது பரவால்ல சார். இங்க ஃபேன் ஓடுது," என்றாள் பிரிஜெட்.

சுந்தரேசன் முதலாளியைத் தனியே அழைத்துப் போனார்.

"இல்லாத சரக்கை இருக்குனு சொல்லி ஏமாத்தினா நானூத்தி இருபது கேஸ் சார். எழுதிக் குடுங்க. பையன் நாளைக்கே உள்ள போயிடுவான்."

நாளைக்கு. சீனிவாசராகவனுக்குச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். எல்லாக் கிளைகளும் நினைவுக்கு வந்தன. வாசலுக்கு வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"சந்திரம்மா, மேல் போர்ஷனை வேற யாருக்கும் விட்டுடாதீங்கோ," என்றார்.