கண்ணை மூடிக்கொண்ட அம்மா

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தின் எதிரே, காலை வெயிலில், காவேரி கண்களை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்திருக்கிறாள் ஒன்பது வயது மகள் கவிநிலா. "திங்கக்கெழமைலேந்து மெட்ராஸ்ல நீ தனியாத்தான் ரோடு தாண்டி ஸ்கூலுக்குப் போவணும். இன்னிக்கு நீ என்னைக் கூட்டிட்டுப் போடி." சிறுமி இருபுறமும் பார்க்கிறாள். ஓரடி வைத்துப் பின்வாங்குகிறாள். "இரும்மா, ஆட்டோ வருது." பிறகு இருவரும் இறங்கி நடக்கிறார்கள். நடுச்சாலையில் ஒரு பேருந்தின் ஹாரன் அலறுகிறது. கொய்யா விற்பவர் கூடையை விட்டு எழுந்துவிடுகிறார். கவிநிலா விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, காவேரியும் அப்படியே நிற்கிறாள். பேருந்து உரசுவதுபோல் கடந்து போகிறது. எதிர்ப்பக்கம் சேர்ந்ததும், "நடுவுல கண்ணத் தொறந்துட்டதானே?" என்கிறாள் மகள். "இல்லடி." "பொய் சொல்ற!" பொய்யில்லை. அவர்கள் பக்கத்திலேயே சாலையைத் தாண்டிய நான் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரன் அலறிய நொடியிலும் அந்த இமைகள் திறக்கவில்லை.