குறைந்த மின்சாரம், முதல் பரிசு

மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாட்டிலேயே குறைவாக மின்சாரம் செலவழித்ததற்கான முதல் பரிசு அவருடைய அலுவலகத்துக்குத்தான். பருவநிலை மாநாட்டில் பேச அவரை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க, தலைமை அலுவலகத்து அம்மாள் வந்திருந்தார். மேலாளர் கோட்டுகூடத் தைக்கக் கொடுத்துவிட்டார்.

"எப்படி சாதிச்சீங்க?"

"கட்டுப்பாடுதான் மேடம். நாற்பது பேரும் சீட்டைவிட்டு அசைய மாட்டாங்க."

"லைட்டெல்லாம் யார் அணைப்பாங்க?"

"ஒவ்வொருத்தரும் பொறுப்பா..." என்று மேலாளர் மென்று விழுங்கினார்.

ஏணியோடு வந்த எலக்ட்ரீஷியன் குறுக்கே புகுந்தார். "சுவிட்சே கிடையாதே மேடம்! நான்தான் சென்சார் மாட்டினேன். ஆள் அசைஞ்சா லைட் தானா எரியும். பத்து நிமிஷம் யாரும் அசையலைன்னா தானா அணைஞ்சிடும்."

அம்மாள் நாற்பது பேரும் வேலை செய்யும் கூடத்தின் கதவைத் திறந்தார். காலை பதினோரு மணிக்கு, திரை இழுத்துவிட்ட கூடம் கும்மிருட்டாகக் கிடந்தது. ஒரு காலை உள்ளே வைத்தார். பளிச்சென்று அத்தனை விளக்கும் எரிந்தது.

மேசைமேல் கவிழ்ந்திருந்த தலை ஒன்று கண்ணைத் திறக்காமலே சீறியது: "யாருய்யா அது? பரிசு போயிடும்னு மேனேஜரே உள்ள வரமாட்டாரு. உனக்கென்னய்யா அவசரம்?"