குடியிருப்புச் சான்று

"வருஷத்துல ஆறு மாசமாச்சும் இந்தியாவுல இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார் ஆடிட்டர் சக்கரபாணி.

"வருஷம் பூரா இங்க உப்பளம் ஏரியாவுலதான் சார். வீட்டை விட்டே வெளிய போவல," என்றாள் மெரின்.

பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே ஒப்பந்த வேலை செய்கிறாள். இங்கே குடியிருக்கிறாள் என்று வருமான வரி ஆபீஸ் சான்று தராவிட்டால், அங்கேயும் வரி பிடித்துக்கொள்வார்கள்.

"ஒண்டியா போரடிக்காதாம்மா?"

"கூட வேலை செய்யற தனிஸ்லாஸ்தான் பேச்சுத் துணை. மூணு வருஷமா தினம் பிரெஞ்சுல எழுதிக்கிறோம். குரலைக்கூடக் கேட்டதில்ல." அவள் குரல் தாழ்ந்தது. "இந்த வரி மிச்சமானா பாரிசுக்குப் போயி அவரை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவேன் சார்."

சக்கரபாணி பேனாவைக் கீழே வைத்தார். மேசை மேலிருந்த இன்னொரு விண்ணப்பத்தை எடுத்து முகவரியைப் பார்த்தார்.

"காலையில இதே சான்றுக்கு ஒருத்தர் வந்தாரும்மா. தனிஸ்லாஸ்னு பேரு. உங்க தெருதான், மூணாவது வீடு."

மெரின் எட்டி அந்த விண்ணப்பத்தில் இருந்த பெயரைப் படித்தாள்.

"அவரையும் இதேதான் கேட்டேன். பேச்சுத் துணைக்குப் பாரிசுல மெரின்னு ஒரு பொண்ணு மட்டும் இருக்குன்னாரு."